மூடி பொருந்துகிறது

4 செப்டம்பர் 2006, திங்கள்

பஸ் நிலையத்துப் பார்சல் ஆபீசில் போய்ச் செடி வெட்டும் கத்தரியை வாங்கி வந்தேன். வில்லாகுவாய் ஊர்க்காரர் ஒருவரிடம் இன்டர்நெட் ஏலத்தில் எடுத்தது. படத்தில் இருந்த அதே கத்தரி. சொன்ன நாளில் வந்திருக்கிறது. மூட்டில் துரு இருக்கிறது, அதையும் மனிதர் முன்பே எழுதியிருந்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆகவே ஏலத் தளத்தில் போய் என் மதிப்பைப் பதிந்தேன். சாம்பல். "சொன்ன பொருள், சொன்ன நாள்."

அண்ணன் மகள் கரினாதான் இந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்து, 'டீச்சர்' என்ற பெயரில் பக்கம் திறந்து, ஏலம் கேட்கச் சொல்லிக்கொடுத்தாள். வாங்கி முடித்ததும் விற்றவருக்கு மூன்று நிறத்தில் ஒன்று போட வேண்டுமாம். பச்சை என்றால் மகிழ்ச்சி, சிவப்பு என்றால் ஏமாற்றம், சாம்பல் என்றால் இரண்டும் இல்லை. கத்தரி வாங்கியதில் எனக்கு என்ன மகிழ்ச்சி? நான் காசு கொடுத்தேன், அவர் கத்தரி கொடுத்தார். இதற்குக் கைதட்ட வேண்டுமா?

மற்றவர்கள் எழுதுவதைப் படித்தால் தலை சுற்றுகிறது. குக்கர் ரப்பர் வாங்கிய ஒரு பெண் "உங்களை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக, வாழ்வில் மறக்க மாட்டேன்" என்று எழுதி ஏழு ஆச்சரியக்குறி போட்டிருக்கிறாள். ரப்பருக்கு!

நான் கணக்கு டீச்சராக இருந்தவள். பள்ளிக்கூடத்தில் பத்துக்கு ஆறு வாங்கினால் பாஸ். சாம்பல் என்றால் ஆறு. எட்டு வேண்டுமானால் ஏதாவது செய்து காட்ட வேண்டும். பத்து நான் ஒருவருக்கும் போட்டதில்லை. இனிக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லாத பிள்ளை ஒன்றை இந்தப் பரானா ஊரில் நான் பார்த்ததே இல்லை.

7 செப்டம்பர்

வில்லாகுவாய்க்காரர் எனக்குச் சிவப்பு போட்டிருக்கிறார். "இந்த அம்மாவுக்கு எதைக் கொடுத்தாலும் வாய் திறந்து நல்ல வார்த்தை வராது. விற்பவர்களே, உஷார்."

நானா? நான் என்ன செய்தேன்?

11 செப்டம்பர், ஆசிரியர் தினம்

காலையில் மாத்தே தேநீர் குடித்துக்கொண்டே என் பக்கத்தைத் திறந்தால் இன்னும் இரண்டு சிவப்பு. இங்கே நடைமுறை எப்படி என்று இப்போதுதான் புரிகிறது. விற்பவர் முதலில் வாயைத் திறக்க மாட்டார். வாங்கியவர் என்ன நிறம் போடுகிறார் என்று பார்த்துக்கொண்டு காத்திருப்பார். பச்சை போட்டால் பதிலுக்குப் பச்சை, சாம்பல் போட்டால் சிவப்பு. இதற்குப் பெயர் மதிப்பீடாம். சந்தையில் மீன் விற்கிறவர்கள்கூட இதைவிட யோக்கியமாகச் சண்டை போடுவார்கள்.

மதியம் போன். வாழ்த்துச் சொல்லப் பழைய மாணவர்கள் யாரோ என்று எடுத்தேன். கொன்கோர்தியாவிலிருந்து ஸுனில்தா. என்னிடம் மேஜைவிரிப்பு விற்றவள். ஹலோ சொன்னதும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"நாலு வருஷமா விக்கிறேன் டீச்சர், என் பக்கத்துல ஒரு கறை கிடையாது. நீங்கதான் முதல்ல. விரிப்பு கிழிஞ்சிருந்துச்சா? சாயம் போயிருச்சா? என்னன்னு சொல்லுங்க."

ஒன்றுமில்லை, விரிப்பு நன்றாகவே இருக்கிறது என்றேன். அப்புறம் ஏன் சாம்பல் என்றாள். நான் பொறுமையாக விளக்கினேன். சாம்பல் என்றால் ஆறு, நீ பாஸ் ஆகிவிட்டாய், சந்தோஷப்படு என்றேன். அவள், "உங்ககிட்டப் படிச்ச பிள்ளைங்கள நெனச்சா பாவமா இருக்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஆசிரியர் தினத்தன்று எனக்குக் கிடைத்த ஒரே போன் அதுதான்.

19 செப்டம்பர், செவ்வாய்

அக்கா வருகிறாள்.

நேலிதா ஸ்பெயினிலிருந்து போன் செய்தாள். கிறிஸ்துமஸுக்கு வருகிறாளாம், டிக்கெட் எடுத்துவிட்டாளாம். நாலு வருஷம் ஆகிறது அவளைப் பார்த்து. வங்கிகள் பணத்தைப் பூட்டி வைத்துக்கொண்ட அந்தக் காலத்தில், வீட்டை மூடிவிட்டு விகோ நகரத்துக்குப் போனவள். சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், கடைசியில் அதைச் சொல்லும்வரை.

"இந்தத் தடவை அம்மாவோட சூப் சட்டியை எடுத்துட்டுப் போயிடறேன், ஓதி. பத்திரமா வச்சிருக்கதானே?"

"வச்சிருக்கேன்" என்றேன்.

பொய் இல்லை. சட்டியை வைத்திருக்கிறேன். மூடியைத்தான் ஜூன் கடைசியில் உடைத்துவிட்டேன்.

உலகக் கோப்பையில் நம்ம நாடு ஜெர்மனியோடு பெனால்டி அடித்த அன்று. எனக்குப் பந்தாட்டத்தில் அக்கறை இல்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருப்பதால் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். துடைப்பதற்காக மூடியை மேஜைமேல் எடுத்து வைத்திருந்தேன். நம்ம பையன் அடித்ததை அவங்க கோல்கீப்பர் பிடித்தான். நான் மேஜையை அடித்தேன். துண்டுகள் அலமாரிமேல் செருப்புப் பெட்டியில் இருக்கின்றன.

வெள்ளைப் பீங்கான், ஓரத்தில் நீலக்கொடி. அதில் யாரும் சூப் குடித்ததில்லை. கிறிஸ்துமஸ் கோடை வெயிலில் எவன் சூப் குடிப்பான்? அம்மா அதில் பழங்களை நறுக்கிப் போட்டு, வெள்ளை ஒயினும் ஐஸும் ஊற்றிக் கலந்து வைப்பாள். ஈ விழாமல் அந்த மூடி. கிளம்பும்போது அக்கா என்னிடம் விட்டுப்போன ஒரே பொருள் அது. "வேற யார்கிட்டயும் குடுக்க மனசு வரல" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

என்ன செய்வேன்? சொல்லிவிடலாமா? முடியாது. சின்ன வயதிலிருந்தே உடைக்கிறவள் அவள், திட்டுகிறவள் நான். அந்த வரிசையை இந்த வயதில் மாற்ற என்னால் ஆகாது.

3 அக்டோபர், செவ்வாய்

கிடைத்துவிட்டது! ரொசாரியோவில் பசுவால்தோ என்று ஒருவர். அதே நீலக்கொடி, அதே குமிழ். "மூடி மட்டும். சட்டி வீடு மாற்றும்போது உடைந்துபோனது" என்று எழுதியிருக்கிறார். உலகத்தில் என் மூடி உடைந்தால் இன்னொருவர் சட்டி உடைந்திருக்கிறது. கடவுள் கணக்கில் கெட்டிக்காரர்.

உடனே ஏலம் கேட்டேன். என்னைத் தவிர ஒருவரும் கேட்கவில்லை. தனி மூடி எவனுக்கு வேண்டும்?

4 அக்டோபர்

நான் கேட்ட ஏலத்தை ரத்து செய்திருக்கிறார் பசுவால்தோ. தெரியாமல் நடந்திருக்கும் என்று மறுபடி கேட்டேன். மறுபடி ரத்து.

பொருளின் கீழே எல்லோரும் பார்க்கும்படி கேள்வி எழுதலாம். மூடியின் உள்விட்டம் எவ்வளவு என்று மரியாதையாகக் கேட்டேன். பதில்: "இருபத்தொன்றரை சென்டிமீட்டர். ஆனால் உங்களுக்கு இல்லை, அம்மா. உங்கள் பக்கத்தைப் பார்த்தேன். வாங்கிய எல்லோருக்கும் சாம்பல் பூசி வைத்திருக்கிறீர்கள். என்னுடையது முழுப்பச்சை. ஒரு மூடிக்காக அதை நாசமாக்க மாட்டேன்."

ஊரே படிக்கிற இடத்தில்! எனக்கு ரத்தம் கொதித்தது. வகுப்பில் ஒருத்தன் இப்படிப் பேசியிருந்தால் பெற்றோரை வரச் சொல்லியிருப்பேன். இவருக்குப் பெற்றோர் இருக்கிற வயது இல்லை போலிருக்கிறது.

5 அக்டோபர்

கரினா வந்தாள். மருந்துக்கடை வேலை முடிந்து நேராக வந்தவளிடம் எல்லாவற்றையும் காட்டினேன். மூடி விஷயத்தையும் சொன்னேன், அக்காவிடம் சொன்னால் தொலைத்துவிடுவேன் என்றும் சொன்னேன். அவள் என் பக்கத்தை மேலிருந்து கீழே படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பு!

"அத்தை, இது என்ன ஏலப் பக்கமா, போலீஸ் ஸ்டேஷன் சுவரா?"

இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டால் போட்ட நிறங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு புதிதாகப் போடலாமாம். அதாவது நான் சாம்பல் போட்ட ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்க வேண்டும். எனக்குப் பச்சை போடு, உனக்குப் பச்சை போடுகிறேன் என்று. பரீட்சைத் தாளைத் திருத்தி முடித்த பிறகு மாணவனிடம் போய் உனக்கு எத்தனை வேண்டும் என்று கேட்பது மாதிரி.

முடியாது என்றேன். "அப்ப பெரியத்தைகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க" என்றாள்.

ஆரம்பித்துவிட்டோம்.

12 அக்டோபர், வியாழன்

இன்றோடு ஐந்து பேர் மசிந்தார்கள். ஆனால் சும்மா பச்சை போதாதாம், எழுதுவதும் அவர்களுக்குப் பிடித்த மாதிரி இருக்க வேண்டுமாம். ஸுனில்தா தான் சொல்லச் சொல்ல என்னை எழுத வைத்தாள். "தேவதைகளின் கைவேலை" என்று தொடங்குகிறது. மேஜைவிரிப்பின் ஒரு மூலை கோணலாக இருப்பதை நான் அவளிடம் சொல்லவே இல்லை, அந்தப் பெருந்தன்மை யாருக்குத் தெரியப்போகிறது? கடைசியில் மூன்று ஆச்சரியக்குறி கேட்டாள். இரண்டு போட்டேன். திருப்பி அனுப்பிவிட்டாள்.

வில்லாகுவாய் கத்தரிக்காரர் அதற்கும் மேலே. தன்னைப் பற்றி "பூமிக்கு வந்த தேவதூதர்" என்று எழுதச் சொன்னார். தேவதூதருக்குத் துரு எடுக்கத் தெரியாதா என்று கேட்க நாக்கு துடித்தது. எழுதிக்கொடுத்தேன்.

எழுதி முடித்ததும் போய்க் கை கழுவினேன். உண்மையாகவே கழுவினேன்.

20 அக்டோபர்

க்ரெஸ்போ ஊர் விட்மான் மட்டும் மாட்டேன் என்கிறார். ஓய்வு பெற்ற என்ஜினியர், கணக்குப் போடுகிற பழைய ஸ்லைடு ரூல் அளவுகோல் ஒன்றை எனக்கு விற்றவர். அவருக்கு நான் எழுதியது: "கோடுகள் தெளிவு. நகரும் பகுதி சற்று இறுக்கம்." சாம்பல்.

போனில் அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். "என் பக்கத்துல நூத்துக்கணக்குல அற்புதம், அபாரம்னு கெடக்கு டீச்சர். பொருளை எடுத்துப் பாத்துட்டு எழுதினது நீங்க ஒருத்தர்தான். அதை நான் எதுக்கு அழிக்கணும்?"

இந்தத் தளத்தில் நான் மதிக்கத்தக்க ஒரே மனிதர். அவர்தான் இப்போது எனக்குத் தடை. அந்தச் சாம்பல் நிற்கும்வரை பசுவால்தோ என்னை ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்.

24 அக்டோபர்

விட்மானிடம் மூடி விஷயத்தைச் சொன்னேன். சிரிக்கவில்லை. பழைய மதிப்பை அச்செடுத்து வைத்துக்கொண்டு, புதியதற்குச் சம்மதித்தார். ஒரு நிபந்தனை: அவரைத் தேவதூதர் என்று எழுதக் கூடாது.

"கோடுகள் தெளிவு. சற்று இறுக்கம், பழகினால் சரியாகும்." பச்சை.

6 நவம்பர், திங்கள்

என் பக்கம் மழை பெய்த புல்வெளி போல இருக்கிறது. பச்சை, பச்சை, பச்சை. எல்லோரும் என்னைப் புகழ்கிறார்கள். "தங்கமான வாங்குநர்." "இவரைப் போல் இன்னும் நூறு பேர் வேண்டும்." சிவப்பு போட்ட அதே கைகள். வெட்கமாக இருக்கிறது.

(இரண்டு தடவை திறந்து படித்தேன். சரி, மூன்று தடவை.)

9 நவம்பர்

பசுவால்தோ அசைய மாட்டேன் என்கிறார். "ஒரே மாதத்தில் இவ்வளவு பச்சையா? பெயிண்ட் அடித்தது போல இருக்கிறதே அம்மா" என்று எழுதுகிறார். ஆள் முட்டாள் இல்லை.

10 நவம்பர்

அவருக்குப் போன் செய்தேன். வேறு வழி இல்லை. அக்கா வருவதை, அம்மா சட்டியை, நான் மேஜையை அடித்ததை எல்லாம் சொன்னேன். பேசப் பேச எனக்கே குரல் உடைந்துவிட்டது. தயவுசெய்து என்று மூன்று முறை சொன்னேன். வாழ்க்கையில் அந்த வார்த்தையை அவ்வளவு அடுத்தடுத்து நான் பயன்படுத்தியதில்லை.

"எந்தப் பெனால்டிக்கு உடைச்சீங்க?" என்று கேட்டார்.

"ரெண்டாவது பிடிச்சப்ப."

"நான் டிவி ரிமோட்டை உடைச்சேன். ஏலம் கேளுங்கம்மா, ரத்து பண்ண மாட்டேன்."

17 நவம்பர், வெள்ளி

ஏலம் முடிந்தது. மூடி என்னுடையது.

1 டிசம்பர்

பசுவால்தோவின் பார்சல் வந்தது. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் ஒரு பழைய கம்பளிச் சட்டை, அதற்குள் மூடி. குமிழை மட்டும் தனியாகப் பஞ்சில் சுற்றியிருக்கிறார். மேலே ஒரு துண்டுச் சீட்டு, "மழை, நானே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனேன், பயப்படாதீங்க" என்று. பக்கத்தில் இரண்டு அல்ஃபஹோர் பிஸ்கட்.

சட்டியை எடுத்து வைத்தேன். மூடியைப் பொருத்தினேன். ஒரு சின்னச் சத்தத்தோடு உட்கார்ந்தது. அசைத்துப் பார்த்தேன், ஆடவில்லை.

சமையலறையில் நின்று அழுதேன். பிறகு இரண்டு பிஸ்கட்டையும் தின்றேன்.

4 டிசம்பர், திங்கள்

மூன்று நாளாக பசுவால்தோவுக்கு என்ன எழுதுவது என்று யோசிக்கிறேன். கரினா, "அற்புதம், அபாரம், கோடி நன்றின்னு போட்டு விடுங்க அத்தை" என்றாள். அதே வார்த்தைகளைத்தானே துருக் கத்தரிக்காரருக்கும் கோணல் விரிப்புக்காரிக்கும் கொடுத்தேன்? அந்த எச்சில் தட்டில் இவருக்குப் பரிமாற எனக்கு மனம் வரவில்லை. இவர் உண்மையாகச் செய்திருக்கிறார். இவருக்கு உண்மையாக எழுத வேண்டும்.

ஒரு பக்கம் எழுதினேன். அடித்தேன். கால் பக்கமாக்கினேன். "மிக" என்று வந்த இடமெல்லாம் அடித்தேன். கடைசியில் நின்றது இரண்டு வார்த்தை.

"மூடி பொருந்துகிறது."

பச்சை. ஆச்சரியக்குறி இல்லை. படித்துப் பார்த்தேன். என் கையால் நான் போட்ட முதல் பத்து இது. அவருக்குப் புரியும். அக்கா கதை தெரிந்தவர், அந்த இரண்டு வார்த்தையில் என்னவெல்லாம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா?

கம்ப்யூட்டரை மூடித் துணி போட்டுவிட்டேன். இனி வீடு சுத்தம் செய்ய வேண்டும்.

20 டிசம்பர், புதன்

வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள். பேச்சில் ஸ்பெயின் வாடை அடிக்கிறது, கேலி செய்தேன். அவள் என் திரைச்சீலையைக் கேலி செய்தாள். சட்டியைப் பார்த்தாள். மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்து, மறுபடி வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

தப்பித்தேன்.

25 டிசம்பர், திங்கள்

எப்படி எழுதுவது இதை.

நேற்று எல்லாம் நன்றாகவே போனது. பீச், ஆரஞ்சு, வெள்ளை ஒயின், ஐஸ். மூடி போட்டு மேஜை நடுவில் வைத்தோம். ஓர் ஈகூட உள்ளே போகவில்லை. அக்கா இரண்டு தம்ளர் குடித்துவிட்டு அம்மாவைப் பற்றிப் பேசினாள்.

இன்று மதியம் மீதமிருந்த குளிர்ந்த இறைச்சியைச் சாப்பிட்டு முடித்ததும், நீ ஏதோ கம்ப்யூட்டரில் ஏலம் எடுக்கிறாயாமே, காட்டு என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவ்வளவு பச்சையையும் அவள் பார்க்கட்டும் என்று துணியை எடுத்துத் திறந்தேன். என்னைப் பற்றி ஊரார் எழுதியிருப்பதைப் படி என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். நானேதான் போட்டேன்!

உச்சியில் சிவப்பு. பசுவால்தோ. டிசம்பர் ஏழாம் தேதி போட்டது.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தாள். "இந்த டீச்சர் தன் அக்காவின் சட்டி மூடியை உடைத்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு அக்கா ஸ்பெயினிலிருந்து வருவதற்குள் வேறு மூடி வேண்டும் என்று போனில் கெஞ்சினார். இரக்கப்பட்டுக் கொடுத்தேன். கொட்டும் மழையில் ஸ்டேஷனுக்குச் சுமந்தேன். துருப்பிடித்த கத்தரி விற்றவர் இவருக்குப் பூமிக்கு வந்த தேவதூதராம். எனக்கு என்ன எழுதியிருக்கிறார் பாருங்கள். மூடி பொருந்துகிறதாம். படித்தவர்களின் நக்கல் இப்படித்தான் இருக்கும்."

கரினா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

"எப்ப உடைச்ச?" என்றாள் அக்கா.

"ஜூன்ல."

"ஜூன்லேர்ந்து ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எங்கிட்டப் பேசினியே. என்ன பேசினோம் தெரியுமா? மழையைப் பத்திப் பேசினோம்."

நான் கம்ப்யூட்டர் துணியை எடுத்து மடித்தேன்.

"முன்னப்பின்ன தெரியாத ரொசாரியோக்காரன்கிட்ட அழுதிருக்க. எங்கிட்ட முடியல."

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை. திட்டுவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை, இந்த வீட்டில் அது என் வேலையாகவே இருந்துவிட்டது.

பசுவால்தோ மேல் கோபம் வரவில்லை. என் மேல்தான். அவருக்குப் புரியும் என்று நினைத்தேனே. மூட்டை மூட்டையாகப் பொய்ப் புகழ்ச்சியை அந்தப் பக்கத்தில் கொட்டி வைத்தவளும் நான்தானே. அதற்கு நடுவில் என் இரண்டு வார்த்தை எப்படித் தெரியும்?

26 டிசம்பர்

அக்கா அறையிலிருந்து வந்து காபி குடித்துவிட்டு மறுபடி போய்விட்டாள். மதியம் நான் ரொட்டி வாங்கப் போய்த் திரும்பியபோது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கரினா பக்கத்தில் நின்று எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் இருவரும் எழுந்துவிட்டார்கள்.

ஒரு மதிப்புக்கு ஒரே ஒரு முறைதான் பதில் எழுதலாம். என் பதிலை அக்கா எழுதிவிட்டாள்.

"நான் அந்த அக்கா. மூடி உடைந்ததை உங்கள் மூலம் தெரிந்துகொண்டேன், நன்றி. ஆனால் நீங்கள் என் தங்கையைத் தவறாகப் புரிந்துகொண்டீர்கள். தேவதூதர், தேவதை என்று இவள் எழுதியதெல்லாம் பொய், பச்சைக்காக எழுதியது. உங்களுக்கு எழுதியது மட்டும்தான் நிஜம். இவளுக்கு அக்காவாக அறுபது வருஷத்துக்கு மேல் இருக்கிறேன். பொருந்துகிறது என்று என்னைப் பற்றி ஒரு நாளும் சொன்னதில்லை. கொடுத்து வைத்தவர் நீங்கள். சட்டம் போட்டு மாட்டி வையுங்கள்."

மூன்று முறை படித்தேன். என்னைக் காப்பாற்றியிருக்கிறாளா, அடித்திருக்கிறாளா? இரண்டும்தான்.

28 டிசம்பர், வியாழன்

போன் ஓயவில்லை. எல்லோரும் அக்கா எழுதியதைப் படித்துவிட்டார்கள். ஸுனில்தா, "அப்ப தேவதைகளின் கைவேலைன்னது பொய்யா?" என்று மறுபடி அழுதாள். நீ சொல்லித்தானே நான் எழுதினேன் என்றேன். சொல்லிக்கொடுத்தாலும் மனதார எழுதியிருப்பேன் என்று நம்பினாளாம். வில்லாகுவாய் தேவதூதர் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

தளத்துக்காரர்கள் என் கணக்கை முடக்கிவிட்டார்கள். காரணம், மதிப்புகளை ஏற்பாடு செய்து வாங்கியது. உண்மைதான். அவர்கள் செய்த ஒரே சரியான மதிப்பீடு இது.

பசுவால்தோவும் பேசினார். என்னோடு இல்லை, அக்காவோடு. ஒரு மணி நேரம். கடைசியில் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"சிவப்பைத் திரும்ப எடுக்க இப்ப வழியில்லையாம். உன் கணக்கே இல்லையே. வருத்தப்பட்டார். அந்தக் கம்பளிச் சட்டையைத் திருப்பி அனுப்பச் சொன்னார்."

9 ஜனவரி 2007, செவ்வாய்

அக்கா விமானம் பிடிக்கத் தலைநகருக்குப் பஸ்ஸில் கிளம்பிவிட்டாள். பஸ் நிலையத்தில் இறக்கிவிட கரினா காரில் வந்தாள். சட்டியும் மூடியும் பெட்டிக்குள் பெட்டி, என் குளிர்காலத் துணியெல்லாம் சுற்றி, கயிறு போட்டு, மடியில் வைத்தே கொண்டுபோகிறாள். லக்கேஜில் போட மாட்டாளாம்.

இந்த இரண்டு வாரமும் அவள் என்னோடு சாதாரணமாகத்தான் இருந்தாள். உப்பு அதிகம் என்றாள், வெயில் அதிகம் என்றாள். மூடி பேச்சை எடுக்கவே இல்லை. எனக்குத்தான் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. அந்த ரொசாரியோக்காரருக்குக் கொடுத்ததை இவளுக்குக் கொடுக்காமல் அனுப்பக் கூடாது என்று நேற்று முழுக்க என்ன சொல்வது என்று எழுதி எழுதி அடித்தேன். காகிதத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டேன்.

பிளாட்பாரத்தில், பஸ் கதவு திறந்ததும், வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"நீ இருந்தது எனக்கு ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா. நீதான் நம்ம வீட்லேயே நல்லவ. எப்பவுமே நீதான்."

"ரொம்ப" என்று நான்தான் சொன்னேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. பெட்டியைக் கீழே வைத்தாள். என்னையே பார்த்தாள்.

"வேற எதை உடைச்ச?"

ஒன்றையும் உடைக்கவில்லை என்று அம்மாமேல் சத்தியம் செய்தேன். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். அவள் பிளாட்பாரத்தில் மண்டி போட்டுக் கயிற்றை அவிழ்த்து, துணியை எல்லாம் வெளியே எடுத்து, சட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.